சவாதாவின் ஆற்றுப் படத்துக்கு ஒரு படக்குறிப்பு வேண்டும்

வடக்குத்தெரு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலையில் வருகிற ஆகஸ்ட் முதல் வாரத்தில், போரில் சிக்கிக்கொண்ட பொதுமக்களைப் பற்றிய பன்னிரண்டு புகைப்படங்களைச் சுவரில் மாட்டி ஒரு சிறிய காட்சி நடத்த இருக்கிறோம். ஒவ்வொரு படத்தின் கீழும் மூன்று வரிக்கு மிகாத படக்குறிப்பு இருக்கும், பள்ளிப் பிள்ளைகள் நின்று படிக்கும்படியான எழுத்தில். பதினொரு குறிப்புகளை எழுதி முடித்துவிட்டேன். பன்னிரண்டாவதில் நான்கு நாட்களாகச் சிக்கிக்கொண்டு நிற்கிறேன்.

ஜப்பானியப் புகைப்படச் செய்தியாளர் சவாதா கியோயிச்சி, 1965 செப்டம்பர் 6 அன்று தென் வியட்நாமின் பின் தின் மாகாணத்தில், குய் நோன் நகருக்கு அருகே எடுத்த படம் அது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பெண்களும் குழந்தைகளும் மார்பளவு தண்ணீரில் ஓர் ஆற்றைக் கடந்து வருகிறார்கள். நனைந்த தலைமுடி நெற்றியில் ஒட்டியிருக்கிறது. ஒரு தாய் கைக்குழந்தையை நீர்மட்டத்துக்கு மேலே அணைத்துப் பிடித்திருக்கிறாள். படத்தில் வானமோ கரையோ பேச்சுக்குக்கூட இல்லை. முகங்களைச் சுற்றி எங்கும் தண்ணீர்தான். கையில் ஒரு மூட்டையோ பாத்திரமோ இல்லாததைக் கவனிக்கச் சற்று நேரம் பிடித்தது. வீட்டிலிருந்து அவர்கள் எடுத்து வந்தது பிள்ளைகளை மட்டும்தான்.

என் தடுமாற்றம் அதன் தலைப்பில் தொடங்குகிறது. உலகம் முழுவதும் இந்தப் படம் 'பாதுகாப்பை நோக்கித் தப்பியோடுதல்' என்ற பொருளுடைய ஆங்கிலத் தலைப்பால் அறியப்படுகிறது. முதலில் இது ஓட்டமே இல்லை. தண்ணீரில் யாராலும் ஓட முடியாது. அடுத்து, அவர்கள் கேமராவை நோக்கி வருகிறார்கள். கேமரா நிற்கும் கரை, அமெரிக்கப் படையோடு சென்ற செய்தியாளர் நிற்கும் கரை. அவர்களுடைய ஊரின் மீது குண்டு வீசியதும் அமெரிக்க விமானங்கள்தான். அப்படியிருக்க, 'பாதுகாப்பு' என்ற சொல்லை நான் எந்த முகத்தோடு சுவரில் ஒட்டுவது? அதற்குப் பதிலாக என்ன எழுதலாம் என்று யோசனை சொல்லுங்கள்.

இருட்டறை

வணக்கம். முப்பத்தோரு ஆண்டுகள் பத்திரிகைப் படக்காரனாகப் பிழைத்தவன் என்ற உரிமையில் சில தகவல்களை முதலில் வைக்கிறேன். குறிப்பு எழுதுபவருக்கு எடுத்தவரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

சவாதா 1936இல் வடக்கு ஜப்பானின் அவோமோரியில் பிறந்தவர். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றபின், மிசாவா அமெரிக்க விமானப்படைத் தளத்துக்குள் இருந்த கேமராக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அமெரிக்கப் படைவீரர்களின் விடுமுறைப் படங்களைக் கழுவிப் பிரதியெடுத்துத்தான் தொழில் பழகினார். மனைவி சதா அவர்களும் அதே தளத்தில் வேலை பார்த்தவர். 1961இல் யுனைடெட் பிரஸ் இண்டர்நேஷனல் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்தின் டோக்கியோ அலுவலகத்தில் சேர்ந்தார். (அந்த நிறுவனத்தைச் சுருக்கமாக யுபிஐ என்பார்கள். இன்று அப்படி எழுதினால் பெட்டிக்கடையில் தொங்கும் க்யூஆர் அட்டைதான் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வரும். ஆகவே காட்சியில் முழுப் பெயரையே போடுங்கள்.) வியட்நாமுக்கு அனுப்பும்படி அவர் கேட்டபோது நிறுவனம் உடனே இசையவில்லை. 1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு சொந்தச் செலவில் போய்ப் படம் எடுத்து வந்தார். அந்தப் படங்களைப் பார்த்த பிறகே நிறுவனம் அவரைத் தென் வியட்நாமின் தலைநகரான சைகோனில் இருந்த அலுவலகத்துக்கு அனுப்பியது. அங்கே போய்ச் சில வாரங்களில் எடுத்ததுதான் உங்கள் ஆற்றுப் படம்.

அது 1965ஆம் ஆண்டின் வேர்ல்ட் பிரஸ் போட்டோ என்ற உலகச் செய்திப்படப் போட்டியின் முதல் பரிசைப் பெற்றது. 1966இல் அமெரிக்காவின் பெரிய இதழியல் பரிசான புலிட்சரும் வந்தது. அந்தப் புலிட்சர் எதற்காக வழங்கப்பட்டது தெரியுமா? 1965இல் வியட்நாமில் எடுத்த 'போர்க்களப் புகைப்படங்களுக்காக'. ஆற்றுப் படத்தில் துப்பாக்கி இல்லை, சீருடை இல்லை, புகைகூட இல்லை. ஆனாலும் அதைப் போர்க்களப் படம் என்று ஒப்புக்கொண்டார்களே, அந்த மட்டில் நடுவர்களுக்குக் கண் இருந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இனி என் கதை ஒன்று. ஒரு புயலுக்குப் பிறகு கடலோரக் குப்பம் ஒன்றில், இடுப்பளவு தண்ணீரில் அடுப்புக்கல்லைத் தலையில் சுமந்து நின்ற ஓர் அம்மாவைப் படம் எடுத்தேன். மறுநாள் முதல் பக்கத்தில் நான்கு பத்தி அகலத்தில் வந்தது. நான் எழுதிக் கொடுத்த குறிப்பில் குப்பத்தின் பெயர் இருந்தது. அச்சில் வந்த குறிப்பு: 'வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட மக்கள்'. ஒரே ஒரு அம்மா நிற்கிற படத்துக்குக் கீழே 'மக்கள்'. அதைவிட என் குற்றம் பெரிது. அந்த அம்மாவின் பெயரை நான் கேட்கவே இல்லை, அந்தக் குப்பத்துக்கு மறுபடி போகவும் இல்லை. தலைப்பைக் குறித்து நீங்கள் நான்கு நாள் தடுமாறுவதைப் படித்தபோது எனக்குச் சற்றுச் சுருக்கென்று இருந்தது.

கண்ணாடிக்காரி

இருட்டறை ஐயாவின் நேர்மைக்கு மதிப்பளித்துக்கொண்டே மாறுபடுகிறேன். இந்தப் படத்தை மாட்ட வேண்டுமா என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கழுத்துவரை தண்ணீரில் நிற்கும் ஒரு பெண்ணால் தன்னைப் படம் எடுக்க வேண்டாம் என்று சொல்ல முடியாது. கையை உயர்த்தி முகத்தை மறைக்க முடியாது, ஏனென்றால் கையில் குழந்தை இருக்கிறது. அவள் வாழ்நாளில் மிக நிராதரவாக நின்ற கணம், அவளைக் கேட்காமலேயே, உலகத்தின் நாளிதழ்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. படத்தை விற்றது அமெரிக்கச் செய்தி நிறுவனம், குண்டு வீசியது அமெரிக்க விமானம், பெரிய பரிசைக் கொடுத்ததும் அமெரிக்கா. இந்த வட்டத்துக்குள் அந்தப் பெண்ணுக்கு எந்த இடமும் இல்லை. அறுபது ஆண்டுகள் கழித்து நாமும் அவளைச் சுவரில் மாட்டி, கீழே என்ன எழுதினால் நன்றாக இருக்கும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. அடுத்த ஆண்டே, 1966 பிப்ரவரியில், இதே சவாதா எடுத்த வேறொரு படம் மீண்டும் வேர்ல்ட் பிரஸ் போட்டோவின் முதல் பரிசைப் பெற்றது. சண்டையில் இறந்த வியட் காங் (அமெரிக்கப் படையை எதிர்த்துப் போரிட்ட தென் வியட்நாம் கெரில்லாக்கள்) வீரர் ஒருவரின் உடலைக் கயிற்றில் கட்டி, அமெரிக்கக் கவச வாகனம் மண்ணில் இழுத்துச் செல்லும் படம். உயிரோடிருந்தவளிடம் இசைவு கேட்கவில்லை. இறந்தவரிடம் கேட்கவே முடியாது. இரண்டுக்கும் பரிசு. இதை ஒருவருடைய கருணை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை.

பிழைதிருத்தி

விவாதத்துக்குள் வரும் முன் மூன்று திருத்தங்கள்.

ஒன்று. இந்தப் படத்தைப் பலர் 1972இல் சாங் பாங் அருகே எடுக்கப்பட்ட, ஆடையின்றி ஓடிவரும் சிறுமியின் படத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு பாடநூல் கையேட்டிலேயே அந்தக் குழப்பத்தைக் கண்டேன். அது ஏழு ஆண்டுகள் பிந்தியது, வேறொரு நிறுவனத்தின் படம்.

இரண்டு. மழையில் பதுங்குகுழி மேல் உறங்கும் அமெரிக்க வீரரின் படத்துக்காக 1968இல் புலிட்சர் பெற்றவர் சாகாய் தோஷியோ. அவரும் ஜப்பானியர், அவரும் அதே யுனைடெட் பிரஸ் இண்டர்நேஷனல் என்பதால் இணையத்தில் இருவரையும் ஒருவராக்கிவிடுகிறார்கள்.

மூன்றாவதுதான் உங்களுக்குத் தேவையானது. ஆங்கிலக் குறிப்புகள் பெரும்பாலும் 'ஒரு தாயும் அவளுடைய குழந்தைகளும்' என்று சொல்கின்றன. அது பிழை. படத்தில் இருப்பவர்கள் இரண்டு குடும்பங்கள், இரண்டு தாய்மார்கள். ஜப்பானிய மொழிக் குறிப்புகளில் 'இரண்டு தாய்-சேய் இணைகள்' என்றே எழுதுகிறார்கள். இருட்டறை ஐயாவின் ஊரில் ஓர் அம்மா 'மக்கள்' ஆனார். இங்கே இரண்டு அம்மாக்கள் ஒருவராகிவிட்டார்கள். அடுத்த வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஆற்றில் இறங்கியிருப்பதும் ஒரு தாய் தனியே இறங்கியிருப்பதும் ஒன்றல்ல. முதலாவது ஓர் ஊர் காலியாவதைக் காட்டுகிறது.

'ஆற்றைக் கடத்தல்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மணல் லாரி நினைவுக்கு வரும்.

தபால்பெட்டி

நான் ஆய்வுப் பணிக்காக ஆறு ஆண்டுகளாக ஹிரோஷிமாவில் வசிக்கிறேன். கண்ணாடிக்காரி சகோதரி எழுப்பிய இசைவுக் கேள்வியை இங்கே வந்த நாள் முதல் தினமும் கடந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லலாம், ஏனென்றால் நான் வேலைக்குச் செல்லும் டிராம் மியுகி பாலத்தைத் தாண்டித்தான் போகிறது.

1945 ஆகஸ்ட் 6 காலை, அணுகுண்டு வெடித்த சுமார் மூன்று மணி நேரத்துக்குப் பிறகு, சூகோகு ஷிம்புன் நாளிதழின் படக்காரர் மத்சுஷிகே யோஷிதோ அந்தப் பாலத்தின் மேற்கு முனையில் நின்றார். வெடிப்பு மையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகத் தொலைவு. தீயிலிருந்து தப்பியவர்கள் அங்கே குவிந்திருந்தார்கள். பலர் வேலைக்கு அழைத்து வரப்பட்டிருந்த பள்ளிப் பிள்ளைகள். காவலர் ஒருவர் தீக்காயங்களுக்குச் சமையல் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். மத்சுஷிகேயின் கையில் கேமராவும் இருபத்து நான்கு படங்களுக்கான ஃபிலிமும் இருந்தன. ஷட்டரை அழுத்த அவருக்கு இருபது நிமிடங்கள் ஆயின. தங்களை இந்த நிலையில் படம் எடுப்பதை அவர்கள் எப்படி நினைப்பார்களோ என்ற தயக்கமே காரணம் என்று பிற்காலத்தில் பலமுறை சொன்னார். ஒரு படம் எடுத்தார். சற்று அருகே போய் இன்னொன்று எடுத்தார். அப்போது கண்ணீரில் வியூஃபைண்டர் மங்கிவிட்டது என்றும் சொல்லியிருக்கிறார். அன்று நாள் முழுவதும் நகரத்தில் அலைந்த அவரிடம் கடைசியில் மிஞ்சியவை ஐந்து படங்கள். இருபத்து நான்கில் ஐந்து.

அன்றைய நாளில் அந்த நகரத்து மக்களின் நிலையைக் காட்டும் படங்கள் எவ்வளவு அரிது என்பது பிறகுதான் தெரிந்தது. ஆக்கிரமிப்பு அமெரிக்க நிர்வாகத்தின் தணிக்கைக் காலம் முடிந்து, 1952இல்தான் அணுகுண்டுப் படங்கள் ஜப்பானில் பரவலாக அச்சேறின. இன்று அந்தப் பாலத்தின் முனையில் ஒரு கல்லில் அவர் எடுத்த படத்தைப் பதித்து வைத்திருக்கிறார்கள். படத்தில் இருப்பவர்கள் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள், அநேகமாக யாருடைய முகமும் தெரியாது. அந்தக் கல்லின் முன் நின்றால், அவர் நின்ற இடத்தில் நாம் நிற்கிறோம். பின்னால் டிராம் மணியடித்துக்கொண்டு போகும்.

சகோதரியின் கேள்விக்கு மத்சுஷிகேயின் இருபது நிமிடங்களை விடையாக வைக்கிறேன். தயங்காமல் எடுத்திருந்தால் அவரைப் பற்றிச் சந்தேகம் வந்திருக்கும். எடுக்காமலே போயிருந்தால் அன்று காலை அந்தப் பாலத்தில் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சியாகப் படம் இருந்திருக்காது.

கண்ணாடிக்காரி

தபால்பெட்டி அவர்களின் பதிவை இரண்டு முறை படித்தேன். ஆனால் அது என் கேள்வியை இன்னும் கூர்மையாக்கிவிட்டது. மத்சுஷிகே அந்த ஊர்க்காரர். அவர் வீட்டிலும் சுவர் இடிந்தது. அவரும் கண்ணாடிச் சில்லுகளால் காயம்பட்டவர். பாலத்தில் நின்றவர்களின் பேச்சுமொழி அவருடைய பேச்சுமொழி. சவாதா குய் நோனுக்கு விருந்தாளியாகக்கூட வரவில்லை, படையோடு வந்தார். அந்தக் காலத்தில் அமெரிக்க இராணுவத் தலைமையகத்தின் அங்கீகார அட்டை இருந்தால், இடம் இருக்கும் ஹெலிகாப்டரில் ஏறி எந்தச் சண்டைக்கும் போகலாம். அந்த வசதியில் போனவர் எடுத்த படம் இது. தயக்கத்துக்கு இருபது நிமிடம் அவருக்குக் கிடைத்திருக்காது, ஆற்றைக் கடக்க அவ்வளவு நேரம் ஆகாது. ஆகவே அந்த அளவுகோலை இவருக்கு வைக்க முடியாது. வேறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், கேட்கத் தயாராக இருக்கிறேன்.

இருட்டறை

வேறு அளவுகோல் இருக்கிறது அம்மா. திரும்பிப் போனாரா என்பதுதான் அது. என்னை அளந்து நான் தோற்றதும் அதே கோலில்தான் என்பதால், அதை நம்பிக் கொடுக்கிறேன்.

புலிட்சர் கிடைத்த பிறகு, 1966இல், சவாதா அந்த இரண்டு குடும்பங்களையும் தேடிக்கொண்டு பின் தின்னுக்குப் போனார். கண்டுபிடித்தார். படத்தின் பிரதியையும் பரிசுப் பணத்தில் ஒரு பகுதியையும் கொடுத்தார். அன்றைய நிலையில் அது எளிய காரியம் இல்லை. ஊர்கள் கலைந்து, மக்கள் முகாம்களுக்கும் நகர விளிம்புகளுக்கும் சிதறியிருந்த காலம். சண்டை ஓயாத மாகாணம். பெயரில்லாமல் முகங்களை மட்டும் வைத்துக்கொண்டு தேடப் போனவர் அவர். பணம் அந்தக் கணத்தை ஈடுகட்டிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன வட்டத்தில் அந்தப் பெண்களுக்கு இடமே இல்லை என்பது முழுவதும் சரியல்ல. அந்த இடத்தைச் சவாதா தன் சொந்தக் காலால் நடந்து போய் உண்டாக்கினார். அவர்களுடைய பெயர்கள் பின்னாளில் பத்திரிகைகளில் வெளிவந்தன; ஆனால் ஒரு வாசகசாலைச் சுவருக்கு அவை தேவையில்லை என்பதால் இங்கே எழுதாமல் விடுகிறேன்.

'படையோடு வந்தவர்' என்பதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1945 ஜூலை 28 இரவு, போர் முடிய மூன்று வாரம்கூட இல்லாதபோது, அமெரிக்க பி-29 விமானங்கள் அவோமோரி நகரத்தின் மீது தீக்குண்டுகளை வீசின. நகரத்தின் பெரும்பகுதி ஒரே இரவில் எரிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சவாதா பிறந்த ஊர் அது. அப்போது அவருக்கு வயது 9. அதே விமானப்படையின் தளத்தில் பிறகு கூலிக்கு ஃபிலிம் கழுவினார், அதே நாட்டின் செய்தி நிறுவனத்துக்குப் படம் எடுத்தார், அதே நாட்டின் விமானங்களுக்குக் கீழே ஆற்றில் இறங்கியவர்களைக் கண்டார். இவற்றையெல்லாம் ஒரே கோட்டில் கோத்து, 'அதனால்தான் அவர் கண்ணுக்கு அது பட்டது' என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் அந்தக் கரையில் நின்றவர்களில், விமானம் தலைக்கு மேல் வரும் ஊர் எப்படியிருக்கும் என்பது அவருக்குக் கதையாக மட்டும் தெரிந்திருக்காது.

இழுத்துச் செல்லப்படும் உடலின் படத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தப் படம் இல்லாவிட்டால் இறந்தவரின் மானம் காப்பாற்றப்பட்டிருக்குமா? அவர் அப்படியேதான் இழுக்கப்பட்டிருப்பார், யாருக்கும் தெரியாமல். வெட்கப்பட வேண்டியவர்கள் வாகனத்தில் இருப்பவர்கள் என்பது அந்தச் சட்டகத்தில் தெளிவாகத் தெரிகிறது.

கீழ்க்காற்று

புதியவன், இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நீங்கள் எல்லோரும் எடுத்தவருக்கும் எடுக்கப்பட்டவருக்கும் இடையிலுள்ள கடனைப் பேசுகிறீர்கள். ஜப்பானில் இதற்கு மூன்றாவது தரப்பும் உண்டு, அது வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் நாடு. 2004 ஏப்ரலில் ஈராக்கில் மூன்று ஜப்பானியர்கள் பிணைக் கைதிகளாகப் பிடிக்கப்பட்டபோது (அவர்களில் ஒருவர் புகைப்படச் செய்தியாளர்), உயிரோடு ஊர் திரும்பியவர்களை வரவேற்றது வசைதான். 'ஜிகோ செகினின்', அதாவது 'உன் செயலுக்கு நீயே பொறுப்பு' என்ற சொல் அப்போது நாடு முழுவதும் ஒலித்தது. சவாதாவுக்குப் பரிசு கிடைத்தபோது பெருமைப்பட்ட அதே நாடு.

2012 ஆகஸ்ட் 20 அன்று சிரியாவின் அலெப்போவில் ஜப்பானியச் செய்தியாளர் யமமோதோ மிகா சுட்டுக் கொல்லப்பட்டார். குடியிருப்புப் பகுதியில் நடந்து போகும் மக்களை வீடியோ எடுத்துக்கொண்டிருந்த வேளை. 2015இல் இன்னொரு ஜப்பானியச் செய்தியாளர் கோதோ கென்ஜி ஐஎஸ் அமைப்பினரால் கொல்லப்பட்டார். அவருடைய வேலையில் பெரும்பகுதி போரில் வளர்ந்த குழந்தைகளைப் பற்றியது. அதற்கு அடுத்த வாரமே, சிரியாவுக்குப் புறப்பட இருந்த ஒரு படக்காரரின் கடவுச்சீட்டை ஜப்பான் அரசு பறித்துக்கொண்டது. போகாதே என்று அரசு சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஆனால் யாருமே போகாவிட்டால், அங்கிருந்து வரும் படங்கள் எல்லாம் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எடுத்த படங்களாகவே இருக்கும்.

பிழைதிருத்தி

கீழ்க்காற்று சொன்னது பெரிய விஷயம். தனி இழை தொடங்கினால் நானும் வருவேன். இங்கே படக்குறிப்புக்குத் திரும்புவோம். ஆகஸ்ட் நெருங்குகிறது.

வடக்குத்தெரு

எல்லோருக்கும் நன்றி. இரண்டு மாதிரிகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் மாதிரி: 'போரிலிருந்து தப்பி ஆற்றைக் கடக்கும் இரண்டு வியட்நாமியக் குடும்பங்கள், குய் நோன் அருகே, 1965.'

இரண்டாவது: 'தங்கள் ஊரின் மீது குண்டு வீசப்பட்டதால் ஆற்றில் இறங்கிய இரண்டு குடும்பங்கள்.'

தவறு இருந்தால் தயங்காமல் அடித்துத் திருத்துங்கள்.

பிழைதிருத்தி

இரண்டிலும் ஒரே குறை இருக்கிறது. முதலாவதில் 'போர்' என்பது மழை, வெயில் போலத் தானாக வந்ததாகி விடுகிறது. இரண்டாவதில் 'குண்டு வீசப்பட்டது'. யாரால்? நம் செய்தித்தாள்களில் செயப்பாட்டு வினை இப்படித்தான் பிழைக்கிறது: கைது செய்யப்பட்டார், சுடப்பட்டார், வீடுகள் அகற்றப்பட்டன. செய்தவர் வாக்கியத்தை விட்டு நழுவிவிடுகிறார். இந்தப் படத்தில் வீசியவர் யார் என்பதில் எந்த ஐயமும் இல்லை, யாரும் மறுக்கவும் இல்லை. ஊரில் வியட் காங் ஆட்கள் இருப்பதாகச் சந்தேகித்து அமெரிக்கர்கள் தாக்கினார்கள். எழுவாயோடு எழுதுங்கள்.

கண்ணாடிக்காரி

அந்த அம்மாக்களுக்கு வேறொன்றும் செய்ய முடியாவிட்டாலும், எழுவாயாகவாவது வாக்கியத்தில் வரட்டும். 'இறங்கினார்கள்' என்ற வினை எனக்குப் பிடித்திருக்கிறது. அது அவர்கள் எடுத்த முடிவு. 'பாதிக்கப்பட்ட' என்ற சொல் எங்கேயும் வேண்டாம். அவர் திரும்பிப் போனதையும் சேர்த்தால், படத்தை மாட்டுவதற்கான என் மறுப்பை விலக்கிக்கொள்கிறேன். இழுத்துச் செல்லும் படத்தைப் பற்றிய என் மனக்குறை அப்படியே இருக்கிறது. அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

இருட்டறை

ஓர் எச்சரிக்கை. இந்தப் படம் அந்த நிறுவனத்தின் பழைய தொகுப்பிலிருந்து கைமாறி இன்று வணிகப் படக் காப்பகத்தில் இருக்கிறது. இலவசக் காட்சியாக இருந்தாலும் முறைப்படி எழுதி அனுமதி கேளுங்கள். இணையத்தில் கிடைக்கும் சிறிய பிரதியைப் பெரிதாக்கி அச்சடித்தால் தாயின் கண்கள் கரைந்துபோகும், பிறகு மாட்டுவதில் பொருளே இல்லை.

படமெடுத்தவரின் முடிவையும் உங்களுக்கு எழுதிவிடுகிறேன், பிள்ளைகள் கேட்பார்கள். அவர் 1968இல் வியட்நாமின் ஹுவே நகரச் சண்டையைப் படமெடுத்தார். பிறகு ஹாங்காங் அலுவலகத்தில் மேசை வேலைக்கு மாற்றப்பட்டார். மேசை ஒத்துவரவில்லை, 1970இல் இந்தோசீனாவுக்கே திரும்பினார். அதே ஆண்டு கம்போடியாவில் ஒரு முறை பிடிபட்டு விடுவிக்கப்பட்டார். அக்டோபர் 28 அன்று, புனோம் பென்னுக்குத் தெற்கே இரண்டாம் எண் நெடுஞ்சாலையில், செய்தியாளர் ஃபிராங்க் ஃபிராஷுடன் காரில் சென்றபோது இருவரும் கொல்லப்பட்டார்கள். சவாதாவுக்கு வயது 34. அந்த ஓர் ஆண்டில் மட்டும் கம்போடியாவில் இறந்தோ காணாமலோ போன வெளிநாட்டுச் செய்தியாளர்கள் இருபதுக்கும் மேல். மறு ஆண்டு பிப்ரவரியில் ஜப்பானியப் படக்காரர் ஷிமமோதோ கெய்சபுரோ லாவோஸில் ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். 1973 நவம்பரில் இன்னொரு ஜப்பானியப் படக்காரர் இச்சினோசே தைசோ அங்கோர் வாட்டை நோக்கிப் போய்க் காணாமல் போனார். 1982இல் அவருடைய பெற்றோர் கம்போடியாவுக்கே சென்று எலும்புகளை அடையாளம் கண்டார்கள்.

வடக்குத்தெரு

அனுமதிக் கடிதத்தை நேற்றே அனுப்பிவிட்டேன். குறிப்பை இப்படி முடித்திருக்கிறேன். மூன்று வரி என்ற கணக்கு நான்காகிவிட்டது. வாசகசாலைத் தலைவர் முகம் சுளித்தார், பிறகு ஒப்புக்கொண்டார்.

'1965 செப்டம்பர் 6, குய் நோன் அருகே, தென் வியட்நாம். அமெரிக்க விமானங்கள் தங்கள் ஊரைத் தாக்கியதால், இரண்டு தாய்மார்கள் பிள்ளைகளோடு ஆற்றில் இறங்கினார்கள். படம்: சவாதா கியோயிச்சி. அடுத்த ஆண்டு அவர் இந்தக் குடும்பங்களைத் தேடிச் சென்று, இந்தப் படத்தின் பிரதியை அவர்களிடம் கொடுத்தார்.'

பிழைதிருத்தி

'இந்த' இரண்டு முறை வருகிறது, இரண்டாவதை எடுத்துவிடுங்கள். மற்றபடி அச்சுக்குக் கொடுக்கலாம்.